.308 பேரல் போய்விட்டது போலிருக்கிறது, புதிதாக எதைப் போடலாம்?

#1 தூரப்பார்வை

வணக்கம். என்னிடம் இருப்பது ரெமிங்டன் 700, ஷார்ட் ஆக்‌ஷன் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பொறியில் குட்டை வகை), .308 வின்செஸ்டர் தோட்டா, 26 அங்குல கனமான பேரல் (குழல்). எட்டு வருடத்துக்கு முன்னால் ஹியூஸ்டன் பக்கம் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் எத்தனை சுட்டிருப்பார் என்று தெரியாது. நான் சுட்டது 2,500-க்கு மேல். முன்பெல்லாம் 100 யார்டில் ஒரு அங்குலத்துக்குள் அடங்கிய குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் பரவல்), இப்போது இரண்டேகாலுக்குப் போகிறது.

ஆக்‌ஷனும் ட்ரிகரும் நன்றாகவே இருக்கின்றன. அதனால் பேரலை மட்டும் மாற்றி, அடுத்த வருடம் ஸ்டாக்கையும் (துப்பாக்கிக் கட்டை) மாற்றி, எனக்கென்று ஒரு துப்பாக்கியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆசை. மாதம் ஒரு முறை 600 யார்டு ரேஞ்சு. வருடத்துக்கு இரண்டு தடவை மேடையில் உட்கார்ந்து காட்டுப்பன்றி வேட்டை. பேரலுக்கும் கூலிக்கும் சேர்த்து 700 டாலர் ஒதுக்கியிருக்கிறேன்.

எந்தக் கம்பெனி நல்லது? எஃகு ஸ்டெயின்லெஸ்ஸா, குரோம்-மோலியா? 24 அங்குலமா, 26-ஆ? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

#2 ஆறரை மி.மீ.

யோசிக்கவே வேண்டாம், 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கான பேரல் போடுங்கள். போல்ட்டின் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டும் தண்டு) முகம் .308-க்கும் அதற்கும் ஒரே அளவு, .473 அங்குலம். மேகஸினும் அதே. பேரல் ஒன்றை மாற்றினால் போதும், வேறு துப்பாக்கி ஆகிவிடும்.

#3 பழைய இரும்பு

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பேரல் போய்விட்டது என்று யார் சொன்னது? குரூப் பெரிதாவதற்குப் பேரல் கடைசிக் காரணம். ஸ்கோப் ரிங் திருகு தளர்ந்திருக்கலாம். அடியில் ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். உள்ளே செம்பு படிந்து கிடக்கலாம். பென்சில்வேனியாவில் என் பக்கத்து ரேஞ்சில் ஒருவர் புதுப் பேரலே வாங்கிப் போட்டுவிட்டார். கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பின் உள்ளே ஏதோ ஆடுகிறது.

முதலில் எல்லாத் திருகையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) பாருங்கள். செம்பைக் கரைக்கும் திரவம் போட்டு, துணியில் நீலம் வராத வரைக்கும் சுத்தம் செய்யுங்கள். வேறு ஸ்கோப் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டுங்கள். அப்புறம் பத்துப் பத்தாக இரண்டு குரூப் சுடுங்கள். மூன்று தோட்டா குரூப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று தோட்டா நல்ல துப்பாக்கியைக் கெட்டதாகவும் காட்டும், கெட்டதை நல்லதாகவும் காட்டும்.

#4 தூரப்பார்வை

ஐயா சொன்னபடி செய்தேன். முன்பக்கத் திருகு உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது (வெட்கமாக இருக்கிறது). இறுக்கி, சுத்தம் செய்து, மைத்துனரின் ஸ்கோப்பை மாட்டிப் பத்துப் பத்து சுட்டேன். 1.9, 2.1 அங்குலம். கொஞ்சம் குறைந்தது, பழைய நிலைக்கு வரவில்லை.

போனில் சொருகும் சின்ன போர்ஸ்கோப் கேமரா ஒன்றை வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து புரி (குண்டைச் சுழற்றும் உள்வரி) தொடங்கும் இடத்தில் வறண்ட ஏரி மண் போல வெடிப்பு. மூன்று நான்கு அங்குலத்துக்கு அப்படித்தான். அதற்கப்புறம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

#5 பழைய இரும்பு

சரி, அப்படியானால் போய்விட்டதுதான். அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான வாயுவும் எரியாத வெடிமருந்தும் முதலில் அறைவது அங்கேதான். எஃகின் மேல்தோல் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து வெடிக்கிறது. வெடித்த விளிம்புகள் உதிர்கின்றன. புரி ஆரம்பிக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே போகும். வெடிப்பு தெரிந்ததனால் மட்டும் பேரல் செத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி இருந்தும் நன்றாகச் சுடுகிறவை உண்டு. உங்களுடையது இலக்கிலும் காட்டிவிட்டது. இனி வாங்கலாம்.

#6 குறிஞ்சி

அடிச்சுவடு வைத்து வாங்கினால் செருப்பு கடிக்காது என்பார்கள். இங்கே அந்த அடி, நீங்கள் சுடப்போகும் குண்டு. கம்பெனி பெயரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எந்த எடையில், எவ்வளவு நீளமான குண்டு? அதுதான் ட்விஸ்ட்டை (புரியின் முறுக்கு) முடிவு செய்யும். ட்விஸ்ட்டுதான் பேரல் விஷயத்தில் அப்புறம் மாற்றவே முடியாதது. நீளம் அதிகமானால் வெட்டலாம், கனம் அதிகமானால் கடையலாம். ட்விஸ்ட் தப்பானால் அது இரும்புத் தடிதான்.

1:10 என்றால் 10 அங்குலம் போவதற்குள் குண்டு ஒரு சுற்று சுற்றும் என்று அர்த்தம். ட்விஸ்ட்டைத் தீர்மானிப்பது முக்கியமாக குண்டின் நீளம், எடை அடுத்துதான். 1879-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் பீரங்கிக் குண்டுகளுக்காகப் போட்ட கணக்கு இன்றும் மனக்கணக்குக்கு உதவும்: விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். .308-இல் பலரும் சுடும் 175 கிரெய்ன் (எடை அளவு) மேட்ச் குண்டு (போட்டிக்கானது) 1.24 அங்குல நீளம். கணக்கு 11.5, அதாவது 1:11.5 என்று வரும். இன்றைய வேகங்களுக்கு இது கொஞ்சம் கண்டிப்பான கணக்கு, அதனால்தான் உங்கள் பழைய 1:12 பேரலும் அந்தக் குண்டைச் சமாளித்தது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் மில்லர் சூத்திரம் இருக்கிறது. இணையத்தில் நான்கு எண்ணைப் போட்டால் விடை வரும். குண்டின் ஸ்திரத்தன்மை எண் 1.5-க்கு மேல் வந்தால் நிம்மதி. 1-க்குக் கீழே போனால் இலக்குத் தாளில் சாவித்துவாரம் மாதிரி பக்கவாட்டு ஓட்டை விழும்.

ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டை வேட்டைக்கு எடுக்கப்போகிறீர்களா? அதே எடையில் அது நீளமாக இருக்கும், வேகமான ட்விஸ்ட் கேட்கும். .308-லேயே இருப்பதானால் என் வோட்டு 1:10-க்கு.

#7 ஆறரை மி.மீ.

இவ்வளவு கணக்கு எதற்கு? கிரீட்மூரில் 1:8 என்று வாங்கினால் வேலை முடிந்தது. 2007-இல் வந்த தோட்டா அது, நீளமான குண்டுகளுக்கென்றே வடிவமைத்தது. 600 யார்டில் பக்கக் காற்று தள்ளுவது .308-இல் தள்ளுவதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். உதையும் குறைவு. 1952-இல் வந்த தோட்டாவை இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

#8 வெட்டிப்பேச்சு

1952-இல் வந்ததெல்லாம் பழசென்றால் என் அப்பாவையும் மாற்ற வேண்டும். 😄

#9 குறிஞ்சி

ஆறரை சொல்வதில் தப்பில்லை. நான் போட்டிக்கு எடுத்துப் போவதும் கிரீட்மூர்தான். ஆனால் பாதிதான் சொல்கிறார். குண்டு சின்னது, எரியும் மருந்து ஏறத்தாழ அதே அளவு. குறுகிய துவாரத்துக்குள் அவ்வளவு நெருப்பு போனால் தொண்டை சீக்கிரம் கருகும். என் அனுபவத்திலும் தோழிகள் அனுபவத்திலும் 6.5 கிரீட்மூர் பேரல் 2,000-இலிருந்து 3,000 வரைக்கும் போட்டித் தரத்தில் நிற்கும். .308 நிதானமாகச் சுட்டால் 5,000 தாண்டும். வேகமாகச் சுட்டுச் சூடேற்றினால் இரண்டுமே சீக்கிரம் போகும்.

தூரப்பார்வை, உங்களிடம் .308 காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) எவ்வளவு இருக்கிறது? ரீலோட் (கேஸில் மறுபடியும் மருந்தும் குண்டும் அடைப்பது) செய்கிறீர்களா?

#10 தூரப்பார்வை

அக்கா, ஆமாம். நல்ல கேஸ் 900 இருக்கும். கேஸை அளவுக்குக் கொண்டுவரும் டை செட்டு, 175 கிரெய்ன் குண்டு நான்கு பெட்டி எல்லாம் இருக்கிறது. அதனால்தான் மாற மனம் வரவில்லை. ஆனால் காற்றுக் கணக்கைப் பார்த்தால் சபலம்.

#11 குறிஞ்சி

அப்படியானால் .308-லேயே இருங்கள். மாதம் ஒரு முறை சுடுகிறவருக்குக் காற்றைப் படிக்கக் கற்றுத்தரும் வாத்தியார் அதுதான். இந்தப் பேரல் தேய்ந்ததும் மாறிக்கொள்ளலாம், போல்ட் எங்கேயும் போய்விடாது.

#12 பட்டறைக்காரன்

நான் விஸ்கான்சினில் மெஷினிஸ்ட். துப்பாக்கி வேலை பொழுதுபோக்கு, லேத் வேலை சோறு. எந்தக் கம்பெனி என்று கேட்டவருக்கு, பேரல் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போகும்.

புரி போடுவதற்கு மூன்று வழி. ஒன்று, கொக்கி மாதிரி ஒரு சின்ன உளியை உள்ளே இழுத்து இழுத்து, தடவைக்கு அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்கிற மாதிரி செதுக்குவது. நேரம் பிடிக்கும். எஃகுக்குள் அழுத்தம் ஏறாது. எங்கள் ஊர்ப் பக்கம் க்ரீகர், பார்ட்லைன் இருவரும் இப்படித்தான். இரண்டு, கார்பைடு பட்டன் ஒன்றை ஒரே இழுப்பில் இழுத்துப் புரியைப் பதிப்பது. டெக்சாஸில் ஷைலன், மொன்டானாவில் லில்ஜா இந்த வழி. வேகமானது, உள்சுவர் வழுவழுப்பாக வரும். ஆனால் எஃகை நசுக்கித்தான் பதிக்கிறோம். உள்ளே அழுத்தம் தங்கும், அதை வெப்பம் கொடுத்து விடுவிக்க வேண்டும். விடுவிக்காத பேரலை வெளியே கடைந்து மெலிதாக்கினால் வாய்ப்பக்கம் துவாரம் விரிந்துவிடும். மூன்று, நடுவில் மாதிரித் தண்டை வைத்து வெளியிலிருந்து சம்மட்டியால் அடித்துப் பதிப்பது. மெஷின் விலை யானை விலை, அதனால் பெரிய தொழிற்சாலைகள்தான் செய்யும். பின்லாந்தில் சாக்கோ, டிக்கா பேரல்கள் இப்படி வருபவை. உங்கள் ரெமிங்டனில் வந்ததும் இதே வகைதான்.

மூன்றிலும் அருமையானவை உண்டு. வெட்டுப் புரிதான் உசத்தி என்று சிலர் சாமி ஆடுவார்கள். பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேஜையில் தாங்கி வைத்துச் சுடும்) போட்டிகளில் பட்டன் பேரல்கள் பல வருடம் ஜெயித்திருக்கின்றன. நான் பார்த்தவரை நல்ல பெயருள்ள இரண்டு பேரலுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, சேம்பர் துவாரத்துக்கு நேராக வெட்டப்பட்டதா இல்லையா என்பதன் வித்தியாசம் பெரிது. 400 டாலர் பேரலைக் கோணலாகச் சேம்பர் வெட்டினால் அது 40 டாலர் பேரல்.

உலோகம்: ஸ்டெயின்லெஸ் என்றால் பெரும்பாலும் 416ஆர். கடைய சுலபம், தொண்டை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். குரோம்-மோலி 4140 வகை எஃகு, கறுப்பு பூசலாம், விலை குறைவு. ஹியூஸ்டன் புழுக்கத்துக்கு ஸ்டெயின்லெஸ். ஆனால் அதுவும் துருப்பிடிக்கும், எண்ணெய் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

#13 தேம்ஸ்கரை

இதையெல்லாம் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. அங்கே பேரல் தபாலில் வீட்டுக்கு வருகிறதா! இங்கிலாந்தில் அழுத்தம் தாங்கும் பாகம் என்பதால் பேரலே சட்டப்படி துப்பாக்கிக்குச் சமம். போலீஸ் கொடுக்கும் சான்றிதழில் முதலில் அதற்கு இடம் வாங்க வேண்டும். அப்புறம் கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்) மாட்டியதும் லண்டன் அல்லது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸுக்குப் போகும். அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். 1868-ஆம் வருடச் சட்டம் இன்னும் நடக்கிறது. எனக்குப் பேரல் மாற்ற ஐந்து மாதம் ஆனது. பாதி நாள் காகிதத்துக்கு, மீதி நாள் கன்ஸ்மித்தின் வரிசைக்கு.

#14 பழைய இரும்பு

இங்கே சட்டம் துப்பாக்கி என்று பார்ப்பது ரிசீவரை (போல்ட் உள்ளே ஓடும் உடல்). பேரல் வெறும் பாகம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்குகிறவர் தன் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது 1934-ஆம் வருடக் கூட்டரசுச் சட்டம். அதற்குக் குறைத்து வெட்டினால் பதிவும் அனுமதியும் வேண்டும்.

இன்னொன்று, போன மாதம் ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார், பழைய பேரலை ஊருக்குப் போகும்போது மாமாவுக்குப் பெட்டியில் கொண்டுபோகலாமா என்று. வேண்டவே வேண்டாம். இங்கே ஏற்றுமதி உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. விமான நிலையத்திலேயே பொங்கல் வைத்துவிடுவார்கள்.

#15 தூரப்பார்வை

சரி, ஸ்டெயின்லெஸ், .308, 1:10. இப்போது நீளமும் கனமும். அப்புறம் மாட்டுவது யார் என்பது. பக்கத்து ஊர் கன்ஸ்மித் ஆறு மாதம் ஆகும் என்கிறார்.

#16 பட்டறைக்காரன்

நீளம்: ஒரு அங்குலம் குறைந்தால் வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் குறையும், அவ்வளவுதான். 26-இலிருந்து 24-க்கு வந்தால் 600 யார்டில் ஸ்கோப்பில் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். மேடையில் உட்காரும்போது இரண்டு அங்குலம் குறைவது பெரிய வசதி. நுனியில் மரை போட்டு வாங்குங்கள், 5/8-24. இப்போது சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) இல்லாவிட்டாலும் பின்னால் தனியாகப் போட்டால் கூலி கூடும்.

கனம்: நடந்து வேட்டையாடுகிறவராக இருந்தால் மெல்லிய ஸ்போர்ட்டர் பேரல் சொல்லியிருப்பேன். நீங்கள் வரிசையாக இருபது சுடுகிறீர்கள். மெலிதானது நாலாவது தோட்டாவிலேயே சூடாகி நகர ஆரம்பிக்கும். நடுத்தரக் கனமே போதும். கார்பன் சுற்றிய பேரல் எடை குறைவு, பார்க்கவும் அழகு, ஆனால் விலை ஆயிரம் டாலரை ஒட்டிப் போகிறது. உங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை.

மாட்டுவது: வழக்கமான முறையில் லேத்தில் உங்கள் ஆக்‌ஷனுக்கு அளவெடுத்து மரையும் சேம்பரும் வெட்ட வேண்டும். இன்னொரு வழி, சேவேஜ் கம்பெனி 1958-இல் 110 மாடலில் கொண்டுவந்த நட்டு முறை. பேரலில் ஒரு நட்டு இருக்கும். பேரலைத் திருகி, ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் இடைவெளி) சரியானதும் நட்டை இறுக்கிப் பூட்டிவிடலாம். ரெமிங்டன் 700 மரையோடு (1-1/16 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை) இதே நட்டு வைத்த பேரல்களை விற்கிறார்கள். ரெமேஜ் என்று கேளுங்கள். சேம்பர் கம்பெனியிலேயே வெட்டி வரும்.

#17 ஆறரை மி.மீ.

அப்போது வீட்டிலேயே மாட்டிவிடலாம்! யூடியூபில் பத்து நிமிட வீடியோ இருக்கிறது.

#18 பட்டறைக்காரன்

பத்து நிமிட வீடியோவில் காட்டாததைச் சொல்கிறேன். .308-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது உங்கள் முகத்திலிருந்து நாலு அங்குலத்தில் நடக்கிறது. ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டுக்கும் கேஸின் தோள் போய் முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம். அதைச் சோதிக்கும் அளவுக்கட்டைகள் இரண்டு: .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்குக்குள் விளையாட்டு. கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. நோ-கோவில் மூடினால் சுடாதீர்கள். அதிகமாக இருந்தால் கேஸ் நீண்டு, அடிப்பகுதி அறுந்து, வாயு பின்னால் வரும்.

பார்க்கும்போது போல்ட்டிலிருந்து எஜெக்டரையும் (காலி கேஸை வெளியே தள்ளும் பாகம்) சுடும் ஊசியையும் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங் தள்ளுவதைக் கை உணராமல் ஏமாந்துபோகலாம். கைப்பிடி தன் எடையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள், வலுக்கட்டாயமாக அமுக்காதீர்கள். ரீகாயில் லக் (உதையைத் தாங்கும் பாகம்) ஒரு வளையம் மாதிரி பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவே இருக்கும். நட்டு இறுக்கும்போது அது சுழன்றுவிடும், நேராகப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். ஸ்டெயின்லெஸ் மரையில் ஆன்டி-சீஸ் (ஒட்டாமல் காக்கும் கிரீஸ்) தடவாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பழைய பேரலைக் கழற்றத்தான் உயிர் போகும். பேரலைப் பிடிக்கும் வைஸும் சரியான ஆக்‌ஷன் ரெஞ்சும் இல்லாமல் தொடாதீர்கள்.

#19 தேம்ஸ்கரை

கன்ஸ்மித்திடம் கொடுத்தாலும் கேஜ் போட்டுப் பார்ப்பது தப்பில்லை. நான் முதலில் கொடுத்த ஒரு பட்டறை ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு, சேம்பருக்குள் வட்டக் கீறலோடு திருப்பிக் கொடுத்தது. சுட்ட கேஸ் ஒவ்வொன்றிலும் மோதிரம் போட்ட மாதிரி தடம். கேட்டால் “அது ஒன்றும் செய்யாது” என்றார்கள்.

#20 வெட்டிப்பேச்சு

புதுப் பேரலை ஒன்று சுட்டுத் துடைத்து, ஒன்று சுட்டுத் துடைத்து ஐம்பது தடவை பழக்க வேண்டுமாமே?

#21 குறிஞ்சி

இதைத் தொடங்காதீர்கள், இழை நூறு பதிவு போகும். கையால் மெருகேற்றி வரும் பேரலுக்கு அவ்வளவு சடங்கு தேவையில்லை. முதல் பத்து இருபதில் இரண்டு மூன்று தடவை துடையுங்கள், செம்பு குறைவதைப் பாருங்கள், போதும். முக்கியமானது வேறு: முதல் நூறு இருநூறு தோட்டாவில் வேகம் தானாக ஏறும். அதற்கு முன்னால் மருந்தளவைக் கச்சிதமாக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

#22 பழைய இரும்பு

விலையைப் பற்றித் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு தோட்டா ஒன்றரை டாலர் என்று வைத்தாலும், நீங்கள் சுட்ட 2,500-க்கு 3,750 டாலர் ஆயிற்று. பேரல் அதில் பத்தில் ஒரு பங்கு. டயர் மாதிரி தேய்கிற பொருள் அது. நூறு டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெயர் தெரியாத பேரலை வாங்காதீர்கள்.

#23 தூரப்பார்வை

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பட்டன் புரி, ஸ்டெயின்லெஸ், 24 அங்குலம், நடுத்தரக் கனம், 1:10, நட்டு வகை. ரேஞ்சில் பழகிய ஒருவரிடம் வைஸும் ரெஞ்சும் இருந்தன. பழைய பேரல் அசையவே இல்லை. முதல் நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் இரண்டு பேர் தொங்கினோம், துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தத்தோடு விட்டது. கோ கேஜில் போல்ட் தானாக இறங்கியது, நோ-கோவில் பாதியில் நின்றது. நட்டை இறுக்கிய பிறகு இரண்டாம் தடவையும் பார்த்தோம், நல்லவேளை. இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்து, கோ கேஜிலேயே மூடவில்லை. தளர்த்தி மறுபடியும் செய்தோம். கேஜ்களோடு சேர்த்து 610 டாலர்.

முதல் பத்துத் தோட்டா 1.6 அங்குலம். மனம் விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே இழுத்தால் பாதியில் சிக்குகிறது. புதுப் பேரல் வலது பக்கம் உரசிக்கொண்டிருந்தது. உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றித் தேய்த்து வழி விட்டேன். அடுத்த வாரம் பத்துத் தோட்டா 0.85. அதற்கடுத்த பத்து 0.9. 600 யார்டில் காற்றுதான் இப்போதும் என்னை ஏமாற்றுகிறது, அதற்குப் பேரல் பொறுப்பில்லை.

#24 குறிஞ்சி

மகிழ்ச்சி. எத்தனை சுட்டோம் என்று இந்தத் தடவையாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

#25 தூரப்பார்வை

எழுதுகிறேன் அக்கா, இன்றோடு 143. பழைய பேரலை என்ன செய்வது? தூக்கிப்போட மனம் வரவில்லை.

#26 பட்டறைக்காரன்

எனக்கு அனுப்புங்கள். அக்கா பையன் லேத்தில் மரை வெட்டப் பழகுகிறான், நல்ல எஃகு கிடைக்கட்டும்.

#27 வெட்டிப்பேச்சு

ஆறரைக்கு அனுப்பினால் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாவது ஆகும். .308 அவர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரியும் இருக்கும்.